மொலோக்காய் தமியான் மறைசாட்சி அல்லர், கோல்பே மறைசாட்சி: இந்த வேறுபாடு எதனால்?

கேள்வி: மறைக்கல்வி ஆசிரியை

இளையோருக்காகப் புனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதித் தொகுத்து வருகிறேன். ஒவ்வொரு குறிப்பும் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும், ஆண்டுகளும் இடங்களும் பிழையின்றி இருக்க வேண்டும், செவிவழிக் கதைகள் வரலாற்றோடு கலந்துவிடக் கூடாது என்பவை நானே வகுத்துக்கொண்ட விதிகள். தொகுப்பை மறைசாட்சிகள் (விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள்) என்றும் மற்றப் புனிதர்கள் என்றும் இரு பகுதிகளாகப் பிரிக்க முற்பட்டபோது சிக்கல் தொடங்கியது.

புனித தமியானை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தில் பிறந்த இந்த அருள்பணியாளர், 1873ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் 33ஆம் வயதில், ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மொலோக்காயில் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த குடியிருப்புக்குத் தாமே விரும்பிச் சென்றார். நோய் தம்மையும் பற்றக்கூடும் என்று அறிந்தே அவர்களுடைய புண்களுக்குக் கட்டுப் போட்டார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார். 1884இல் அவருக்கே தொழுநோய் கண்டறியப்பட்டது. 1889 ஏப்ரல் 15 அன்று, 49ஆம் வயதில் இறந்தார். 2009இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆனால் திரு அவையின், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின், பட்டியலில் அவர் மறைசாட்சி அல்லர்.

அடுத்து புனித மாக்சிமிலியன் கோல்பே. 1941 ஜூலை இறுதியில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து ஒரு கைதி தப்பிவிட்டார் என்பதற்குப் பழிவாங்கப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுள் ஒருவரான பிரான்சிஷெக் கயோவ்னிசெக், தம் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். வரிசையிலிருந்து முன்னே வந்த கோல்பே, அவருக்குப் பதிலாகத் தம்மை எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். இரண்டு வாரம் பட்டினி கிடந்தும் உயிர் பிரியாததால் ஆகஸ்ட் 14 அன்று கார்பாலிக் அமிலத்தை ஊசி வழியே செலுத்தி அவரைக் கொன்றார்கள். இவர் மறைசாட்சி.

இருவருமே பிறருக்காக உயிரைக் கொடுத்தவர்கள். இருவரிடமும் "உன் விசுவாசத்தைக் கைவிடு, விட்டுவிடுகிறோம்" என்று எவரும் சொல்லவில்லை. பிறகு இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இதையே தொடர்ந்து சிந்தித்தால் பேராயர் ஆஸ்கர் ரொமேரோவைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது: அவரைச் சுட்டவர்கள் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் எல் சால்வதோர் நாட்டைச் சேர்ந்தவர்கள், அப்படியிருக்க, விசுவாசத்தின் மீதான வெறுப்பினால் கொன்றார்கள் என்று எப்படிக் கூறுவது? மேலும், புனித தேவசகாயம் அரசுக்கு எதிரான குற்றத்துக்காகவே தண்டிக்கப்பட்டார் என்று வாதிடுவோரும் உள்ளனர். பதின்ம வயதினர் இக்கேள்விகளைத் தயங்காமல் கேட்பார்கள். பக்திச் சொற்களால் மழுப்பாமல் விடை சொல்ல விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி 1: திரு அவை வரலாற்று மாணவர்

வணக்கம் சகோதரி. தங்கள் கேள்வியை ரோமையில் உள்ள வல்லுநர்களே பல ஆண்டுகள் விவாதித்திருக்கிறார்கள். ஆகவே இளையோர் கேட்பதில் வியப்பில்லை.

பிற்காலத்தில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஆன லாம்பெர்தினி, 18ஆம் நூற்றாண்டில் புனிதர் பட்டத்துக்கான ஆய்வு முறைகளைப் பல தொகுதிகளாக எழுதி வைத்தார். மறைசாட்சியம் பற்றிய ஆய்வு இன்றும் பெரும்பாலும் அவர் வகுத்த வழியிலேயே செல்கிறது. அதன்படி முதலில், உண்மையான மரணம் நிகழ்ந்திருக்க வேண்டும். சிறையும் சித்திரவதையும் மட்டும் போதா. அடுத்து, கொன்றவரின் பக்கம்: கிறிஸ்தவ விசுவாசத்தின் மீதோ, அந்த விசுவாசம் கட்டளையிடும் ஓர் அறத்தின் மீதோ கொண்ட வெறுப்பு அவரை இயக்கியிருக்க வேண்டும். மூன்றாவது, இறந்தவரின் பக்கம்: அந்த மரணத்தைத் தம் விசுவாசத்தின் பொருட்டு மனமுவந்து ஏற்றிருக்க வேண்டும்; இறுதிவரை அதில் நிலைத்திருக்க வேண்டும். சாவைத் தேடிப் போய் வம்புக்கு இழுத்தவரைத் திரு அவை தொடக்க நூற்றாண்டுகளிலிருந்தே மறைசாட்சியாக ஏற்கத் தயங்கியிருக்கிறது.

தமியானின் வழக்கில் (புனிதர் பட்டத்துக்கான ஆய்வை வழக்கு என்பார்கள்) இரண்டாவது கூறு இல்லை. அவரைக் கொன்றது நோய். ஈகத்தின் அளவைப் பார்த்தால் எந்த மறைசாட்சிக்கும் அவர் குறைந்தவர் அல்லர் என்பதே என் கருத்து. ஆயினும் கொல்பவர் ஒருவர் இல்லாத இடத்தில் மறைசாட்சியம் பற்றிய ஆய்வே எழுவதில்லை. எனவே அவருடைய வழக்கு வீரத்துவமான நற்பண்புகள் என்னும் பாதையில், அதாவது வாழ்ந்த வாழ்வின் உயர்வை ஆராயும் வழியில், நடந்தது.

கோல்பே வழக்குதான் உண்மையில் கடினமானது. 1971இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை அருளாளராக (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) அறிவித்தபோது மறைசாட்சி என்ற நிலையில் அறிவிக்கவில்லை. 'அன்பின் மறைசாட்சி' என்ற சொல் பேச்சில் புழங்கியது, ஆனால் அது சட்டப்படியான தகுதி அன்று. பின்னர் புனிதர் பட்டத்துக்கு முன்பாக அவரை மறைசாட்சியாக ஏற்கலாமா என்று ஆராயப்பட்டபோது, முகாம் அதிகாரி அவரை ஒரு குருவாகக் கண்டு வெறுத்துத் தேர்ந்தெடுக்கவில்லை, அவர் தாமாகவே முன்வந்தார், ஆகையால் விசுவாச வெறுப்பு என்ற கூறு மெய்ப்பிக்கப்படவில்லை என்ற கருத்தே வலுவாக இருந்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அக்கருத்தை ஏற்கவில்லை. 1982 அக்டோபர் 10 அன்று புனிதர் பட்டத் திருப்பலியில், இதுவரை அருளாளராக வணங்கப்பட்ட கோல்பே இனி மறைசாட்சியாகவும் வணங்கப்படுவார் என்பது தம் திருத்தூது அதிகாரத்தால் தாம் எடுத்த முடிவு என்று வெளிப்படையாகவே அறிவித்தார். மனிதனை எண்ணாக மாற்றி அழிக்கும் ஓர் அமைப்பு முழுவதுமே, மனிதனைக் கடவுளின் சாயலாகக் காணும் விசுவாசத்தின் மீதான வெறுப்பு என்பதே அம்முடிவுக்கு ஆதரவாகப் பலரும் எடுத்துரைக்கும் விளக்கம். கோல்பேயின் கைதி எண் 16670 என்பதை இளையோருக்கு நினைவூட்டினால் அவ்விளக்கம் எளிதில் புரியும்.

அந்தத் திருப்பலியில் கயோவ்னிசெக் கலந்துகொண்டார். அவர் 1995 வரை வாழ்ந்தார். தாம் பெற்ற உயிரைத் தந்தவர் யார் என்பதை ஊர் ஊராகச் சென்று சொன்னார். தங்கள் குறிப்பில் இவருக்கு இரண்டு வரியாவது ஒதுக்குங்கள். கோல்பேயின் பிற்கால வரலாற்றில் இவரும் ஒரு பகுதி.

மறுமொழி 2: ஏட்டுச்சுவடி

மேலே எழுதியவரின் விளக்கம் தெளிவாக உள்ளது. ஆசிரியை அவர்கள் கேட்ட தேவசகாயம் பற்றிய வினாவுக்கு நான் வருகிறேன்.

மறைசாட்சிகளைக் கொன்றவர்களுள் மிகப் பெரும்பாலோர், "விசுவாசத்தை வெறுப்பதால் கொல்கிறோம்" என்று தீர்ப்பு எழுதவே இல்லை. ரோமைப் பேரரசில் ஆளுநர்கள் கேட்டது பேரரசரின் நலனுக்காக ஒரு பலி. மறுத்தவர்கள் அவர்கள் பார்வையில் பிடிவாதக்காரர்கள், அரசுக்கு அடங்காதவர்கள். இங்கிலாந்தில் புனித தாமஸ் மூர் 1535 ஜூலை 6 அன்று தலை வெட்டப்பட்டது இராஜத்துரோகக் குற்றத்துக்காக; மன்னர் எட்டாம் ஹென்றியே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் என்பதை ஏற்று உறுதிமொழி எடுக்க அவர் மறுத்தார் என்பது அதன் உள்ளீடு. அவருக்கு இரண்டு வாரம் முன்பு அதே காரணத்துக்காக ஆயர் ஜான் பிஷர் கொல்லப்பட்டார். நீதிமன்ற ஏட்டை மட்டும் படித்தால் இருவரும் துரோகிகள். ஆகவே, "அவர்மீது அரசுக் குற்றம் சாட்டப்பட்டதே" என்பது மறைசாட்சியத்தை மறுக்கும் வாதமாகத் தன்னளவில் நிற்காது. குற்றச்சாட்டின் பின்னால் எது இருந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

தேவசகாயம் 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர்; திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைப் பணியாளர். குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்பு மன்னரின் படைத்தலைவராக உயர்ந்த டச்சுப் படை அதிகாரியான டிலனாய் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவிடம் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் கைதானார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறையும் அடியும். எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராக அழைத்துச் சென்ற அவமானம் வேறு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மார்த்தாண்ட வர்மா தம் நாட்டில் கிறிஸ்தவர்களைப் பொதுவாகத் துன்புறுத்தியவர் அல்லர் என்று வரலாற்றாசிரியர் சிலர் சுட்டுகின்றனர். அதை இளையோரிடம் மறைக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவரான டிலனாய் மன்னரின் நம்பிக்கைக்குரியவராக இறுதிவரை இருந்தது உண்மைதானே. ஆனால் அயல்நாட்டுக் கிறிஸ்தவர் ஒருவர் படை நடத்துவது வேறு. அரண்மனைக்குள் இருந்த ஒருவர் மதம் மாறி, சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் கலந்து பழகுவது வேறு. பின்னது அக்காலச் சமூக ஒழுங்கையே அசைத்தது. அவருடைய மரணம் பற்றிய செய்தி பல தலைமுறைக்குப் பின் எழுந்த மரபு மட்டுமன்று. அவர் இறந்து நான்கே ஆண்டுகளில், 1756இல், கொச்சி ஆயர் ரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் அது இடம்பெற்றது. 2012இல் விசுவாசத்தின் பொருட்டு இறந்தவர் என ஏற்கப்பட்டு அருளாளராகவும், 2022 மே 15 அன்று புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் இப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. சாதியைக் குறிக்கும் பின்னொட்டு அவருடைய பெயரிலிருந்து நீக்கப்பட்டே அந்த அறிவிப்பு வந்தது; அவர் வாழ்ந்த விதத்துக்கு அதுதான் பொருத்தம்.

புனித அருளானந்தரையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் விசுவாசம் கட்டளையிடும் அறத்தின் மீதான வெறுப்பு என்று முதல் மறுமொழியில் வந்ததற்கு இவரைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. திருமுழுக்கு யோவான் எதற்காக இறந்தார்? ஏரோது மன்னன் தன் சகோதரனின் மனைவி ஏரோதியாளை வைத்திருப்பது முறையன்று என்று சொன்னதற்காக. கடவுள் உண்டா இல்லையா என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை. ஆயினும் அவர் மறைசாட்சி; புனித தாமஸ் அக்குவினாசும் இதையே எடுத்துக்காட்டி, விசுவாசத்தைச் சொல்லால் அறிக்கையிடுவது போலவே அதன் பொருட்டு ஓர் அறத்தைக் காப்பதும் மறைசாட்சியத்துக்குக் காரணம் ஆகலாம் என்கிறார். இப்போது புனித அருளானந்தரைப் பாருங்கள். லிஸ்பனில் 1647இல் பிறந்து, போர்த்துகல் அரண்மனையில் வளர்ந்து, மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்து, தமிழ்த் துறவியின் கோலத்தில் வாழ்ந்த இயேசு சபையினர். அவரிடம் திருமுழுக்குப் பெற விரும்பிய மறவர் தலைவர் தடியத்தேவர், ஒருவரை மட்டும் மனைவியாக வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் சேதுபதியின் உறவினர். அந்த முறையீட்டின் முடிவு, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. ஏரோதியாளின் கதை ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் தமிழ் மண்ணில் மறுபடி நடந்தது போலவே இருக்கிறது.

அருளானந்தருக்கு அருளாளர் பட்டம் 1853இல்தான் வந்தது. புனிதர் பட்டம் 1947இல். இவ்வளவு தாமதத்துக்கு, அவர் பின்பற்றிய உள்ளூர் வழக்கங்கள் ஏற்கத்தக்கவையா என்ற நீண்ட சர்ச்சையும் ஒரு காரணம். அவ்வழக்கங்கள் அவருடைய வழக்குக்குத் தடையல்ல என்று 1741இல் முடிவு செய்தவர் யார் தெரியுமா? முதல் மறுமொழியில் வந்த அதே பதினான்காம் பெனடிக்ட்.

மறுமொழி 3: ஐயப்படும் தோமா

எல்லாரும் ஒரே திசையில் செல்வதால் எதிர்த்திசையில் ஒரு குரல் எழுப்புகிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

கி.பி. 203இல் கார்த்தேஜ் நகரில் இறந்த பெர்பேத்துவாவையும் பெலிசித்தாவையும் நினைத்துப் பாருங்கள். பெர்பேத்துவாவுக்கு ஏறத்தாழ 22 வயது. பாலூட்டும் கைக்குழந்தை இருந்தது. சிறையில் அவரே எழுதிய குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பழங்காலக் கிறிஸ்தவப் பெண் ஒருவர் தம் கைப்பட எழுதி நம் காலம் வரை எஞ்சியவை மிகச் சிலவே. நரைத்த தந்தை வந்து காலில் விழுந்து கெஞ்சுகிறார். ஆளுநர் அவரிடம் கேட்பது ஒரே கேள்வி: நீ கிறிஸ்தவளா? அவர் சொல்வதும் ஒரே விடை. அடிமைப் பெண்ணான பெலிசித்தா சிறையிலேயே எட்டாம் மாதத்தில் குழந்தை பெற்றார். பேற்று வலியில் கதறியவரை, "இதற்கே இப்படிக் கத்துகிறாயே, விலங்குகள் முன் என்ன செய்வாய்?" என்று காவலன் ஏளனம் செய்தபோது, இப்போது படுவது என் வலி, அங்கே எனக்குள் இருந்து வேறொருவர் எனக்காகப் படுவார் என்று அவர் பதில் சொன்னதாக அந்த ஏடு கூறுகிறது. இவர்களுக்கு முன்னால் ஒரு கதவு திறந்தே இருந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். மறைசாட்சியத்தின் உயிர்நாடி அந்தத் திறந்த கதவு என்றே நான் கருதுகிறேன்.

ஆஷ்விட்ஸில் அந்தக் கதவு இல்லை. கோல்பேயின் செயல் எவ்வளவு உயர்ந்ததாயினும், விசுவாசத்தை மறுதலித்துத் தப்பும் வாய்ப்பு அவருக்கு முன் வைக்கப்படவில்லை. எடித் ஸ்டெயினின் வழக்கில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. யூதக் குடும்பத்தில் பிறந்து, மெய்யியல் அறிஞராகி, திருமுழுக்குப் பெற்று, கார்மேல் சபைத் துறவியான அவர், 1942 ஆகஸ்ட் 9 அன்று தம் சகோதரி ரோசாவோடு ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டது யூதராகப் பிறந்ததற்காக. அவரைக் கத்தோலிக்க மறைசாட்சி என்று அறிவித்தபோது யூதர்கள் பலர் மனம் வருந்தினர். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. இப்படி எல்லைகளை விரித்துக்கொண்டே போனால், கொல்லப்பட்ட நல்லவர் எல்லாருமே மறைசாட்சிகள் ஆகிவிடுவர். பெர்பேத்துவா செய்ததை மட்டும் குறிக்க நமக்குச் சொல் இருக்காது.

மறுமொழி 4: திரு அவை வரலாற்று மாணவர்

தோமா அவர்களின் திறந்த கதவு என்னை யோசிக்க வைத்தது. ஆனால் அந்தக் கதவு எப்போதும் விசாரணை மேடையில்தான் இருக்க வேண்டுமா? ரொமேரோவுக்குக் கதவு பல மாதங்கள் திறந்திருந்தது. கொலை மிரட்டல்கள் வந்துகொண்டே இருந்தன, பேசாமல் இருந்திருக்கலாம். 1980 மார்ச் 23 ஞாயிறு மறையுரையில், சொந்த மக்களையே கொல்லும்படி வரும் ஆணைகளுக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று படைவீரர்களை நோக்கிக் கடவுளின் பெயரால் மன்றாடினார், கட்டளையிட்டார். மறுநாள் மாலை, புற்றுநோயாளிகளுக்கான மருத்துவமனையின் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார்.

அவரை மறைசாட்சியாக ஏற்க 2015 வரை ஆனதற்கு, ஆசிரியை எழுப்பிய அதே தடைதான் முக்கியக் காரணங்களுள் ஒன்று: கொன்றவர்களும் திருமுழுக்குப் பெற்றவர்கள், நோக்கம் அரசியல். அதற்குக் கிடைத்த விடை, திருமுழுக்குச் சான்றிதழ் வைத்திருப்பவர் விசுவாசத்தை வெறுக்க முடியாது என்பதில்லை என்பதே. ஏழைகள் பக்கம் நிற்கும்படி நற்செய்தி கேட்கிறது. ஒருவர் அப்படி நிற்பதற்காகவே அவரைக் கொல்பவர், தாம் எந்த ஆலயத்தில் மண்டியிடுபவராயினும், நற்செய்தியைத்தான் சுடுகிறார். பலேர்மோ நகரின் பிரன்காச்சோ பகுதியில் சிறுவர்களை மாஃபியா கும்பலின் பிடியிலிருந்து விலக்கி வளர்த்த அருள்தந்தை பீனோ புல்யீசி, 1993 செப்டம்பர் 15 அன்று, தம் 56ஆம் பிறந்த நாளில் கொல்லப்பட்டதும் இப்படியே. திருவிழாப் பவனிகளில் முன்வரிசையில் நிற்கும் மாஃபியாவினர் இத்தாலியில் புதியவர்கள் அல்லர். நம் நாட்டில் அருள்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் கந்துவட்டிக்காரர்களிடமிருந்து ஏழை உழவர்களை மீட்கப் பாடுபட்டதற்காக 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்தில் பலர் முன்னிலையில் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய குடும்பத்தார் கொலையாளியை மன்னித்து ஏற்றுக்கொண்டனர். அவரும் மனம் மாறினார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

எடித் ஸ்டெயின் பற்றி ஒரு விவரத்தைச் சேர்க்க வேண்டும். 1942 ஜூலை 26 ஞாயிறன்று, யூதர்களை நாடு கடத்துவதைக் கண்டித்து நெதர்லாந்து ஆயர்களின் மடல் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்கவே, அதுவரை விடப்பட்டிருந்த கத்தோலிக்க யூதர்களை ஆகஸ்ட் 2 அன்று பிடித்தார்கள். திரு அவையின் வாதம் இந்த ஒரு வாரத்தில்தான் நிற்கிறது. அவர் யூதராகவும் கத்தோலிக்கராகவும் இறந்தார் என்று இரண்டையும் எழுதுவதே நேர்மை. ஒன்றை விட்டு மற்றொன்றை எழுதினால் தோமா சுட்டிய வருத்தத்துக்கு நாமும் காரணமாவோம்.

எல்லை விரிந்துவிட்டது என்ற கவலை ரோமைக்கும் இருந்திருக்க வேண்டும். 2017 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ், மறைசாட்சியம், வீரத்துவமான நற்பண்புகள் ஆகியவற்றோடு 'உயிரைக் கையளித்தல்' என்னும் தனிப் பாதையை வகுத்தார். பிறரன்பின் பொருட்டு, உறுதியான அகால மரணத்தை ஒருவர் தாமாக ஏற்று, அதன் விளைவாகவே இறந்திருந்தால் அவருடைய வழக்கை இதன் கீழ் நடத்தலாம். கொன்றவரின் வெறுப்பை மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

இதன் விளைவைக் காண சால்வோ தாக்குவிஸ்தோவைப் பாருங்கள். 1943 செப்டம்பரில் ரோமைக்கு அருகே பலிதோரோவில் ஒரு குண்டுவெடிப்புக்குப் பழிவாங்க 22 பொதுமக்களைக் கொல்ல ஜெர்மானியப் படையினர் குழி வெட்ட வைத்தார்கள். 22 வயதே ஆன இந்த இத்தாலியக் காவல்படை இளைஞர், தாம் செய்யாத செயலுக்குத் தாமே பொறுப்பு என்று சொல்லி அவர்களை விடுவித்துத் தாம் சுடப்பட்டார். கோல்பே செய்ததும் இவர் செய்ததும் ஏறத்தாழ ஒன்றே. எதிரே நின்றவர்களும் அதே ஆட்சியினர். கோல்பே மறைசாட்சி. இவரோ 2025 பிப்ரவரியில் உயிரைக் கையளித்தல் என்ற பாதையில் வணக்கத்துக்குரியவர் (அருளாளருக்கு முந்தைய நிலை) ஆனார். இடையில் நாற்பது ஆண்டுகள் கடந்திருக்கின்றன; கோல்பேயின் வழக்கு இன்று வந்திருந்தால் எந்தப் பாதையில் சென்றிருக்கும் என்பதைத் தோமா அவர்களின் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

மறுமொழி 5: மறைக்கல்வி ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. இரண்டு பகுதிகளாகப் பிரிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, எல்லாரையும் கால வரிசையில் அமைத்து, ஒவ்வொருவரின் குறிப்பிலும் "இவரை ஏன் கொன்றார்கள்? கொன்றவர்கள் சொன்ன காரணம் என்ன?" என்ற இரு கேள்விகளுக்கு விடை தரலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். தமியானின் குறிப்பில் அவ்விடம் காலியாக இருக்கும். அது ஏன் என்று இளையோரே கேட்கட்டும். தாமஸ் மூர், அருளானந்தர், தேவசகாயம் ஆகிய மூவரையும் ஒரே வகுப்பில் பேசலாம் என்றும் தோன்றுகிறது.

புனித மரிய கொரெற்றியையும் சேர்க்க எண்ணியிருந்தேன். 1902இல் தம் 11ஆம் வயதில், வன்கொடுமைக்கு இணங்காததால் குத்தப்பட்டு, கொன்றவனை மன்னித்து இறந்தவர். 1950இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது அவருடைய தாயும் உடனிருந்தார். ஆனால் அவருடைய வரலாற்றை இளம்பெண்களிடம் சொல்லும்போது, தாக்கப்பட்டும் உயிர் பிழைத்தவர்கள் ஏதோ குறைந்தவர்கள் என்ற பொருள் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். இதை எப்படி எழுதலாம்? மேலும், மறைசாட்சிகளுக்குப் புதுமை (அவர்களுடைய பரிந்துரையால் நிகழ்ந்ததாக ஏற்கப்படும் அற்புதம்) தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள்; தேவசகாயத்துக்கு ஒரு புதுமை ஏற்கப்பட்டதாகவும் படித்தேன். எது சரி?

மறுமொழி 6: ஏட்டுச்சுவடி

தங்கள் அச்சம் நியாயமானது. கொரெற்றியின் வரலாற்றை நான் எழுதினால் குற்றத்தின் முழுச் சுமையையும் அதைச் செய்தவன் மீதே வைத்துத் தொடங்குவேன்; அந்தச் சிறுமியின் புனிதம் அவர் கொண்ட விசுவாசத்திலும் தந்த மன்னிப்பிலும் இருக்கிறது, தாக்குதல் நிறைவேறியதா இல்லையா என்பதில் இல்லை. வன்முறையால் எவருடைய தூய்மையும் கெடுவதில்லை என்று, ரோமை நகர் சூறையாடப்பட்ட 410ஆம் ஆண்டுக்குப் பின், பாதிக்கப்பட்ட பெண்களுக்காகப் புனித அகுஸ்தீனாரே வாதாடியிருக்கிறார். அந்த ஒரு வரியைக் குறிப்பின் நடுவிலேயே வையுங்கள். அடிக்குறிப்பில் தள்ள வேண்டாம்.

புதுமை பற்றி: இரண்டும் சரி. விசுவாசத்துக்காக இறந்தவர் என்பது மெய்ப்பிக்கப்பட்டால், அருளாளர் பட்டத்துக்குப் புதுமை கேட்பதில்லை. புனிதர் பட்டத்துக்கு ஒன்று வேண்டும். மற்றவர்களுக்கு இரு நிலைகளிலும் ஒவ்வொன்று தேவை. உயிரைக் கையளித்தல் என்ற புதிய பாதையிலும் அருளாளர் பட்டத்துக்கே ஒரு புதுமை வேண்டும் என்பது, மறைசாட்சிகளிடமிருந்து அதைப் பிரிக்கும் முக்கியமான வேறுபாடு. தேவசகாயம் 2012இல் புதுமையின்றி அருளாளரானார். பின்னர், கருவிலேயே அசைவும் இதயத்துடிப்பும் நின்றுபோன குழந்தை அவருடைய பரிந்துரையால் பிழைத்தது என்ற புதுமை 2020 பிப்ரவரியில் ஏற்கப்பட்டது. பெருந்தொற்றின் காரணமாகப் புனிதர் பட்ட விழா 2022 வரை தள்ளிப்போயிற்று.